சான்றிதழுக்கு முன்னால் ஒரு கிலோ கணக்கு

கேள்வி: திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. 45 மெஷின், 60 பேர். அப்பா 28 வருடமாக நடத்தி வருகிறார். இரண்டு வருடமாக நானும் கூடப் பார்க்கிறேன். நூல் நாங்கள் வாங்குகிறோம். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமலிருக்க அழுத்துவது), பிரிண்டிங் எல்லாம் வெளியே ஜாப்ஒர்க். கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை உள்ளே. எங்கள் ஜெர்மனி பையர், இங்கே அவருக்காக ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பையிங் ஆபீஸ் மூலமாக ஒரு நீளமான கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். பருத்தி எந்த ஊர், சாயத் தண்ணீர் எங்கே போகிறது, நூல் மில்லில் யார் வேலை செய்கிறார்கள், மறுசுழற்சி நூல் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். ஒரு கன்சல்டன்ட் ஐந்து சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார். எல்லாம் சேர்ந்து 9 லட்சம் ஆகுமாம். இதற்கு நடுவில் வேறொரு சாயப்பட்டறை கிலோவுக்கு 15 ரூபாய் குறைத்துச் செய்து தருகிறேன் என்கிறது. "இதெல்லாம் பேப்பர் வேலை, கேட்டதை எழுதிக் கொடுத்துவிடு" என்கிறார் அப்பா. சாயப்பட்டறையும் மில்லும் செய்வதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? எங்கிருந்து தொடங்குவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

அந்த 9 லட்சத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். கேள்வித்தாளையும் அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கடைசியாகக் கப்பல் ஏறிய ஒரு ஸ்டைலின் ஃபைலை மட்டும் எடுத்து வைத்து உட்காருங்கள். பேக்கிங் லிஸ்டிலிருந்து பின்னால் நடந்து பருத்தி வரைக்கும் போக வேண்டும், அதையும் கிலோவில். பேர், விலாசம், சான்றிதழ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 10,000 பீஸ், ஒரு பீஸ் 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடித்த சரக்கு 1,500 கிலோ. கட்டிங் வேஸ்ட் 15 சதவீதம் என்றால் கட்டிங் டேபிளுக்கு வந்த துணி சுமார் 1,765 கிலோ. சாயத்திலும் காம்பாக்டிங்கிலும் 6 சதவீதம் குறைந்திருந்தால் சாயப்பட்டறைக்குப் போன கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி, 1,880 கிலோ. நிட்டிங் இழப்பையும் சேர்த்தால் நீங்கள் வாங்கிய நூல் 1,900 கிலோ. குட்டை நாரைச் சீவி நீக்கிய கோம்டு நூலென்றால் பஞ்சில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் நூலாகும். ஆக மில்லுக்குள் போன பஞ்சு 2,700 கிலோ. 170 கிலோ பேல் கணக்கில் 16 பேல். அந்தப் பஞ்சு கிடைக்க, விதையோடு எடுத்த பருத்தி எட்டு டன் வேண்டும். நம் நாட்டுச் சராசரி விளைச்சலை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 15 ஏக்கர் பருத்திக் காடு.

உங்கள் ஃபைலில் உள்ள பில், டெலிவரி சலான், லாட் நம்பர் இவற்றை இந்தக் கணக்கின் மேல் வைத்துப் பாருங்கள். சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், அது கவலையில்லை. 1,880 கிலோ போன இடத்திலிருந்து 1,900 கிலோ திரும்பி வந்திருந்தால் கவலைப்பட வேண்டும். வேறு யாருடைய லாட்டோ கலந்திருக்கிறது. நீங்கள் கொடுத்தது ஒரு பட்டறைக்கு, சலான் வந்தது இன்னொரு பட்டறையின் பேரில் என்றால், உங்களுக்குத் தெரியாமல் வேலை வேறு கைக்குப் போயிருக்கிறது. நான் பார்த்த சின்னக் கம்பெனிகளில் முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது, முழுக்கத் தெரிந்த சங்கிலி என்று நினைத்திருந்ததில் ஒரு கண்ணியாவது தெரியாத கண்ணியாக இருந்தது. அநேகமாக அது சாயத்திலோ பிரிண்டிங்கிலோ இருக்கும். கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துவிடுங்கள்.

கிலோ கணக்கை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2020-ல் ஆர்கானிக் ஜவுளிக்கான உலகத் தரச்சான்று அமைப்பான ஜி.ஓ.டி.எஸ்.ஸே நம் நாட்டில் 20,000 டன் பஞ்சுக்குப் போலியான ஆர்கானிக் பரிவர்த்தனைச் சான்றிதழ்கள் போடப்பட்டிருப்பதாக அறிவித்தது. பார்வைக்குக் காகிதம் எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஈடான பஞ்சு ஆர்கானிக் காட்டில் விளையவில்லை. விளைந்த கிலோவோடு விற்ற கிலோவை ஒப்பிட்டால் இந்த மாதிரி விஷயம் வெளியே வரும். அப்பா "பேப்பர் வேலை" என்று அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பேப்பரை மட்டும் சேர்த்தால் அது பேப்பர் வேலையாகத்தான் முடியும்.

இப்போது சாயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பருத்தி பனியனில் தண்ணீரும் ரசாயனமும் மொத்தமாகச் செலவாகிற இடம், காட்டை விட்டால், இதுதான். அடர்த்தியான ஷேடு ஒன்றுக்கு, பருத்தி நாரோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம் போடும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60, 70, சில நேரம் 80 கிராம் உப்பு போடுகிறார்கள். துணியைச் சாயத் தண்ணீரில் சுழற்றும் சாஃப்ட்ஃப்ளோ மெஷினில் கிலோ துணிக்கு 7 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு. உங்கள் 1,880 கிலோவுக்கு 900 கிலோவுக்கு மேல். உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளிவிட்டு அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சாயத்திலும் மூன்றில் ஒரு பங்கு வரை பிடிக்காமல் கழுவலில் போகும். கொதி, ப்ளீச்சிங், சாயம், நாலைந்து கழுவல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 50 லிட்டர் என்று குறைத்துப் போட்டாலும், உங்கள் ஒரு ஆர்டருக்கு 94,000 லிட்டர் உப்புத் தண்ணீர்.

இந்தத் தண்ணீர் முன்பு எங்கே போனது என்று உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். நொய்யலில் போய், 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பயிருக்கென்று கட்டிய அணை சாயக் கழிவின் தொட்டியாக மாறியது. கிணறுகளில் உப்பு ஏறியது. கீழே சென்னிமலை, கரூர் பக்கம் வரை விவசாயிகள் அதன் பலனை அனுபவித்தார்கள். நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லி, கெடு மேல் கெடு கொடுத்து, 2011 ஜனவரி கடைசியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, ப்ளீச்சிங் பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

அன்றைக்கு நான் ஒரு பட்டறையில் டையிங் மாஸ்டர். மெஷினில் துணி இருக்கும்போதே கரண்ட் போனது. நேவி ஷேடு, பாதியில் நின்ற லாட். அதை உருவி வெளியே போட்டுவிட்டு, லுங்கி கட்டிய பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் அந்த மாதமே ஊருக்குப் போனார்கள். எனக்கு அன்றைக்கு நீதிமன்றத்தின் மேல் கோபம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. பிற்பாடு சென்னிமலைப் பக்கம் ஒரு பெரியவரின் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. நாங்கள் பத்து வருடமாகப் போட்ட உப்பு அது. அன்றுதான் இப்படிக் கணக்குக் கேட்கிற இந்த வேலைக்கு வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு திருப்பூர் செய்தது சாதாரணக் காரியம் இல்லை. 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தனியாகச் சுத்திகரிக்கிற பட்டறைகளுமாக, கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு ஊரே மாறியது. ஆர்.ஓ. வழியாகத் தண்ணீரில் பெரும்பகுதி திரும்பப் பட்டறைக்கே வருகிறது. மிச்சமாகும் உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து மறுபடி சாயத்துக்கே எடுக்கிறார்கள்; எவாப்பரேட்டரில் காய்ச்சிக் கிளாபர் உப்பாகவும் (சோடியம் சல்பேட்) எடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய சாயத் தொழில் ஒரு ஊரில் இப்படி மாறியதை வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் பையருக்கு எழுதும் பதிலில் இதைத் தாராளமாகப் பெருமையோடு சொல்லலாம். கூடவே இதற்கு ஆகிற விலையையும் சொல்லுங்கள். ஆர்.ஓ. கரண்டைக் குடிக்கிறது, எவாப்பரேட்டர் விறகையும் ஆவியையும் குடிக்கிறது, எதற்கும் பயன்படாத கலப்பு உப்பும் சேறும் கிடங்கில் சேர்கிறது. தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்கக் கரண்டைச் செலவழிக்கிறோம். அதனால்தான் உப்பை ஆரம்பத்திலேயே குறைப்பது, போட்ட பிறகு பிரிப்பதைவிடப் பல மடங்கு நல்லது.

இந்த இடத்தில் அந்த 15 ரூபாயைப் பார்ப்போம். கிலோவுக்கு 15 ரூபாய், 1,880 கிலோவுக்கு 28,200 ரூபாய். ஒரு பனியனுக்கு 2 ரூபாய் 82 பைசா. சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருக்கிற பட்டறை, அனுப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் கட்டணம் கட்டுகிறது. அந்தக் கட்டணம் கட்டாத பட்டறைக்கு மட்டும்தான் இவ்வளவு விலை குறைக்கத் தாராளமாக முடியும். புது மெஷின் போட்டுத் தண்ணீரைக் குறைத்தும் விலை குறைக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே நேரில் போய்க் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு எந்தத் தேதி வரை இருக்கிறது, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர், போன மாதம் எத்தனை கிலோ துணி போட்டார்கள், எத்தனை லிட்டர் அனுப்பினார்கள். கடைசி இரண்டையும் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு 10 லிட்டர் என்று வந்தால் மிச்சத் தண்ணீர் எங்கே போனது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார் என்றால் அந்த 2 ரூபாய் 82 பைசா உங்களுக்கு வேண்டாம்.

"நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்" என்று கேட்டிருந்தீர்கள். சாயப்பட்டறையில் நடக்கிற சேதத்தில் நல்ல பங்கு உங்கள் ஆபீசில் முடிவாகிறது, சகோதரி. இதைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, உங்கள் கையில் இருக்கிற இடம் இது என்பதற்காகச் சொல்கிறேன். லேப் டிப், அதாவது ஷேடு ஒப்புதலுக்கான மாதிரித் துண்டு, அனுப்பி மூன்று வாரமாகப் பையர் பதில் சொல்லவில்லை; கப்பல் தேதி மட்டும் நகரவில்லை. நாலு நாள் வேண்டிய லாட்டுக்கு ஒன்றரை நாள் கிடைக்கிறது. மாஸ்டர் ஒரு கழுவலைக் குறைக்கிறார், சாயம் ஒட்டவில்லை, டெஸ்டில் ஃபெயில், திரும்பக் கழுவல். அல்லது ஷேடு கொஞ்சம் தட்டுகிறது. ஹைட்ரோ என்ற ரசாயனம் போட்டுச் சாயத்தை உரித்து மறுபடி முதலிலிருந்து சாயம். தண்ணீர் இரட்டிப்பு, உப்பு இரட்டிப்பு, துணியும் பலம் குறைகிறது. முடியாத பட்டறை ராத்திரியோடு ராத்திரியாக வேறு பட்டறைக்குக் கொடுத்து வாங்குகிறது. நீங்கள் கணக்கில் கண்டுபிடிக்கப் போகிற அந்தத் தெரியாத கண்ணி இப்படித்தான் உருவாகிறது.

ஒரே தடவையில் ஷேடு சரியாக வருவதைவிடப் பெரிய பசுமைத் தொழில்நுட்பம் சாயத்தில் இல்லை என்பது என் அனுபவம். அதற்கு வேண்டியவை சின்ன விஷயங்கள். லேப் டிப்புக்கு ஐந்து நாளில் பதில் வேண்டும் என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். கிரே துணியின் நூல் லாட்டைக் கலக்காமல் கொடுங்கள். 200 கிலோ துணியை 500 கிலோ மெஷினில் போடும்படி ஆர்டரைத் துண்டு துண்டாக உடைக்காதீர்கள். மெஷின் குறைந்த துணிக்கு அந்த அளவு தண்ணீரைக் குறைத்து எடுக்காது. ஆறு கறுப்புக்கும் ஆறு நேவிக்கும் பதிலாக ஒரு கறுப்பு, ஒரு நேவி என்று பையரிடம் பேசிப் பாருங்கள். ப்ளீச்சிங்கில் மிஞ்சும் பெராக்சைடைப் போக்க என்ஸைம் உபயோகித்தால் ஒன்றிரண்டு கழுவல் மிச்சமாகும், மாஸ்டரிடம் கேளுங்கள். உப்பே இல்லாமல் அறை வெப்பத்தில் ஊறவைத்துச் சாயம் போடும் கோல்டு பேட் பேட்ச் முறையும் இருக்கிறது. நிட்டிங் துணிக்கு அதற்கான மெஷின் வைத்திருப்பவர்கள் குறைவு, ஆர்டரும் பெரிதாக இருக்க வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டியதில்லை.

சரி, பருத்தி. இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரண நூலுக்கு "எந்தத் தோட்டம்" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. தமிழ்நாட்டு மில்கள் பஞ்சில் பெரும்பகுதியைக் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்து வாங்குகின்றன. விதையைப் பிரிக்கும் பல ஜின்னிங் ஆலைகளிலிருந்து வந்த பேல்களைத் தரம் பார்த்து வரிசையாக வைத்துக் கலந்துதான் நூற்பார்கள். நூல் ஒரே சீராக வர அதுதான் வழி. உங்கள் 16 பேல் அந்த வரிசையில் கரைந்துவிடும். எனவே மில்லிடம், அந்த நூல் லாட்டுக்கு எந்த மாநிலத்துப் பஞ்சு, எந்த ரகம், வெளிநாட்டுப் பஞ்சு கலந்ததா என்று மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள். அதைத் தாண்டி ஒரு கிராமத்தின் பேரை எழுதிக் கொடுத்தால் அது கற்பனை. இப்போது கஸ்தூரி காட்டன் பாரத் என்ற பேரில் பேலுக்குப் பேல் க்யூஆர் கோடு போட்டுப் பின்தொடரும் ஏற்பாடு வந்திருக்கிறது. உங்கள் மில் அதை வாங்குகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பஞ்சுக்கு 10,000 லிட்டர் தண்ணீர் என்று கேள்வித்தாளில் போட்டிருப்பார்கள். அது உலகச் சராசரி. நம் நாட்டுப் பருத்திக் காட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. மழையில் விளைந்த பருத்தியையும் ஆழ்குழாய்க் கிணற்றில் விளைந்த பருத்தியையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது என்று பதிலில் ஒரு வரி எழுதுங்கள்.

மில் என்றதும் பஞ்சை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நூல் மில்களில் பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்து, மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் நம் பகுதியில் நடந்ததுதான். பாதியில் வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்குப் பணம் கிடைக்காமல் போனது. இன்றைக்கு அந்தப் பேர் அதிகம் காதில் விழுவதில்லை. ஆனால் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் தங்கியிருக்கிற ஹாஸ்டலின் கேட் யாருக்காகத் திறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா, ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகலாமா, சம்பளம் அவர்கள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா என்று கேளுங்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல்லில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டு, அந்தக் குற்றச்சாட்டில் அவருடைய மேற்பார்வையாளரே கைதான செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலையை நடத்தும் நிறுவனம், எச் அண்ட் எம் எல்லாரும் சேர்ந்து 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டார்கள்; பிறகு இன்னும் சில வெளிநாட்டு பிராண்டுகளும் சேர்ந்தன. தளத்திலேயே தொழிலாளர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களிடம் பயமில்லாமல் புகார் சொல்லலாம் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. பையரும் கையெழுத்துப் போட்டிருந்ததுதான் அதன் பலம். ஐரோப்பாவில் "சப்ளை செயின்" என்று பேசும்போது அவர்கள் மனதில் இந்த மாதிரிச் சம்பவங்களும், 2013-ல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததும் இருக்கின்றன. தண்ணீரும் கார்பனும் மட்டுமில்லை.

இதில் உங்கள் கம்பெனியும் உண்டு. 60 பேர் இருக்கிறார்கள். பத்துப் பேர் இருந்தாலே 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் அதில் உறுப்பினராக வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இல்லையென்றால் இந்த மாதமே போடுங்கள். பீஸ் ரேட் காண்ட்ராக்டில் தைக்கிறவர்களுக்கும் இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்துக் கட்டியிருக்கிறதா என்று காண்ட்ராக்டரின் பேச்சை நம்பாமல் ரசீதைப் பாருங்கள்.

மறுசுழற்சி நூல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் வித்தியாசமானது. பாட்டிலை உருக்கி வரும் பாலியஸ்டர் நூலைக் கலந்து சதவீதம் காட்டுவது எளிது, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பாட்டிலை மறுபடி பாட்டிலாக்க முடியும். பனியனாகிவிட்டால் அதன் பாதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் கட்டிங் டேபிளின் கீழே கிடக்கிற 265 கிலோவை முதலில் பாருங்கள். அதை மூட்டையாகக் கட்டி வேஸ்ட் வியாபாரிக்குக் கலப்படமாகப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கலர் வாரியாகவும், லைக்ரா கலந்ததைத் தனியாகவும் பிரித்து வைத்தால் விலையும் கூடும், நம் பகுதி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களில் அது மறுபடி நூலாகும். கலர் துணியிலிருந்து வரும் நூலுக்குச் சாயமே வேண்டாம். அரைக் கிலோ உப்பு கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். கிழித்த நார் குட்டையாகிவிடும், அதனால் மெல்லிய கவுன்ட் வராது, புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்க வேண்டியிருக்கும். ஸ்வெட் ஷர்ட், பை, சாக்ஸ் போன்றவற்றுக்கு நன்றாகவே நிற்கும். பையரிடம் ஒரு ஸ்டைலாவது இப்படிச் செய்து காட்டலாம்.

இப்போது அந்த ஐந்து சான்றிதழ்கள். லேபிளில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று பையரிடம் முதலில் கேளுங்கள். அதுதான் எந்தச் சான்றிதழ் என்பதைத் தீர்மானிக்கும். "ஆர்கானிக்" என்று எழுதினால் பெரும்பாலும் ஜி.ஓ.டி.எஸ். கேட்பார்கள். குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் நார் இருக்க வேண்டும், வெறும் "ஆர்கானிக்" என்று எழுத 95 சதவீதம். ஜின்னிங்கிலிருந்து உங்கள் வரை ஒவ்வொரு கையும் அந்தச் சான்றுக்குள் வந்திருக்க வேண்டும். ஜாப்ஒர்க் பட்டறை அதில் இல்லையென்றால் உங்கள் சான்றிதழால் பிரயோஜனம் இல்லை. மறுசுழற்சி என்று எழுதினால் மறுசுழற்சிப் பொருளுக்கான ஜி.ஆர்.எஸ். போன்ற ஒன்று. ஓகோ-டெக்ஸ் 100 என்பது முடிந்த துணியில் உடம்புக்குக் கேடான ரசாயனம் இருக்கிறதா என்ற சோதனை. பருத்தி எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது. பருத்தி விளைவிக்கும் முறைக்கான பெட்டர் காட்டன் திட்டம் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்காகத்தான் நடந்து வந்திருக்கிறது; மில் அந்த அளவு பஞ்சு வாங்கியது என்று பொருள், உங்கள் நூலுக்குள் அந்தப் பஞ்சுதான் இருக்கிறது என்று பொருளில்லை. பையர் லேபிளில் எதுவுமே எழுதப் போவதில்லை என்றால் இவற்றில் எதுவும் உடனே தேவையில்லை, கேள்வித்தாளுக்கு உண்மையான பதில் போதும். அந்தக் கன்சல்டன்ட் ஐந்தையும் ஏன் சொன்னார் என்று நீங்களே கேட்கலாம்.

பையர் ஏன் இப்போது இவ்வளவு கேட்கிறார் என்றால், ஜெர்மனியில் 2023 முதல் சப்ளை செயின் சட்டம் இருக்கிறது. முதலில் குறைந்தது 3,000 பேர் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு, 2024 முதல் குறைந்தது 1,000 பேர் உள்ளவற்றுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான சட்டம் 2024 ஜூலையில் வந்தது, அதன் தேதிகளைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இவை உங்களை நேராகக் கட்டுப்படுத்தாது, பையர் வழியாக வரும். இன்னொன்று, ஆதாரமில்லாமல் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று பொதுவாக எழுதி விற்பதை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் தடுக்கிறார்கள். அதனால் வெறும் வார்த்தைக்கு இனி அங்கேயும் மதிப்பில்லை. உங்கள் கிலோ கணக்குக்கு மதிப்பு உண்டு.

பையருக்கு இந்த வாரமே பையிங் ஆபீஸ் மூலமாக ஒரு கடிதம் போடுங்கள். ஒரு ஸ்டைலை முழுக்கப் பின்தொடர்ந்து வருகிறோம், நாலு வாரத்தில் கணக்கோடு தருகிறோம், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவோம் என்று சொல்லுங்கள். அதே கடிதத்தில் லேப் டிப்புக்கு ஐந்து நாள், கலர் குறைப்பு, சீசன் ஆர்டரை முன்கூட்டிச் சொல்வது என்ற மூன்றையும் கேளுங்கள். அப்புறம் விலை. ஜீரோ டிஸ்சார்ஜ் பட்டறையில் போடுவதற்கு ஒரு பனியனுக்கு இவ்வளவு அதிகம் ஆகிறது என்று பைசா சுத்தமாக எழுதி, அதில் பாதியாவது விலையில் சேர்க்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அதே பையிங் ஆபீசில் வேலை செய்யும் நாலைந்து சின்னக் கம்பெனிகள் சேர்ந்து கேளுங்கள். நல்லதைக் கேட்டுவிட்டு விலையைக் குறைக்கிற பையர்கள் இருக்கிறார்கள், தெரியும். எண் கையில் இருக்கும்போது அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பாவைப் பற்றி. அவரை எதிர்த்து இதைச் செய்ய வேண்டாம், அவர் இல்லாமலும் செய்ய முடியாது. எந்த மில்லில் எந்தத் தறுவாயில் பஞ்சு மாறியது, எந்த மாஸ்டர் கழுவலைக் குறைப்பார், எந்தப் பட்டறைக்கு இரவில் லாரி போகும் என்பதெல்லாம் எந்த ஃபைலிலும் இருக்காது. 28 வருடமாக அவர் மனதில் இருக்கிறது. கிலோ கணக்கை அவர் முன்னால் உட்கார்ந்து போடுங்கள். இடிக்கிற இடத்தை உங்களுக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். மில்லுக்குப் போகும்போதும் அவரோடு போங்கள், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அவர் மேனேஜரிடம் பஞ்சு விலை பேசிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஹாஸ்டல் பக்கம் போய் அந்தப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.